தேசியக் கொடியைப் பற்றி ஆங்கிலத்தில் பேச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் பள்ளி ஆசிரியர்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஒருவருக்கு விழாவை ஆங்கிலத்தில் தொகுத்து வழங்க வேண்டும், இன்னொருவருக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும், மற்றொருவருக்குப் பிள்ளையின் பேச்சுப் போட்டிக்கு நாலு பத்தி எழுதித் தர வேண்டும்.

கொடியைச் சுற்றியுள்ள ஆங்கிலச் சொற்களில் பல, கப்பல்காரர்களும் போர்வீரர்களும் புழங்கியவை. கயிறு எங்கே, துணி எங்கே, யார் எதை இழுக்கிறார் என்று மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் சொற்கள் தாமாக வந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு இந்தியக் கொடியையே வைத்துக்கொள்கிறோம். 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் 'ஃப்ளாக் கோட் ஆஃப் இந்தியா'தான் நமக்குப் பாடநூல்; கீழே 'கொடி விதிகள்' என்று வருவதெல்லாம் அதுதான்.

அழைப்பிதழில் 'ஃப்ளாக் ஹோஸ்டிங்' என்று போட்டிருக்கிறார்கள். சரியா?

தவறு. 'ஹாய்ஸ்டிங்' என்பதுதான் சொல். 'ஹோஸ்ட்' என்றால் வந்தவரை வரவேற்று உபசரிப்பவர். நடுவில் ஒரு 'ஐ' விழுந்துவிட்டால் கொடியேற்றம் விருந்தாகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. புரூஃப் பார்ப்பவர்தான் பிடிக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் ஏறிவிட்டால் அன்றைய எல்லாப் புகைப்படத்திலும் விருந்தினர் தலைக்கு மேலே நிற்கும்.

உச்சரிப்பு, 'ஆயில்', 'காயின்' என்று எழுதுகிறோமே, அந்த ஒலி. இறந்தகாலம் 'ஹாய்ஸ்டட்'. 'த சீஃப் கெஸ்ட் ஹாய்ஸ்டட் த ஃப்ளாக்' என்றால் முடிந்தது. 'அப்' சேர்த்து 'ஹாய்ஸ்டட் அப்' என்று நீட்ட வேண்டாம். மேலே ஏற்றுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 15-க்கு 'ஹாய்ஸ்ட்', ஜனவரி 26-க்கு 'அன்ஃபர்ல்' என்று வாட்ஸாப்பில் வருகிறதே?

ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வரும் கேள்வி. இரண்டு வினைகளும் வேறு வேறு என்பது உண்மைதான். 'ஹாய்ஸ்ட்' என்றால் கீழே இருப்பதைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவது. 'ஃபர்ல்' என்றால் சுருட்டிக் கட்டுவது. கப்பல்காரர்கள் பாயைச் சுருட்டிக் கட்டுவதற்கும் அதே சொல்தான். அந்தக் கட்டை அவிழ்த்து விரிய விடுவது 'அன்ஃபர்ல்'.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? விடியற்காலையில் பி.டி. ஆசிரியர் வந்து கொடியை மடிப்பார். உள்ளே ஒரு கை ரோஜா இதழும் சாமந்தியும் வைப்பார். சுண்டினால் அவிழும்படி ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு, உச்சிவரை ஏற்றிவிட்டு, கயிற்றின் நுனியைக் கம்பத்தில் தளர்வாகச் சுற்றி வைப்பார். விருந்தினர் வந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். பூ கொட்டும், கொடி விரியும். விருந்தினர் செய்தது 'அன்ஃபர்ல்'. 'ஹாய்ஸ்ட்' செய்தவர் பி.டி. ஆசிரியர். ஆண்டறிக்கையில் அவர் பெயர் வராது, அது வேறு கதை.

வாட்ஸாப் விளக்கம் இப்படிப் போகும்: சுதந்திர தினத்தில் அந்நியக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது, ஆகவே கீழிருந்து ஏற்றுகிறோம், குடியரசு தினத்தில் நாடு ஏற்கெனவே சுதந்திர நாடு, ஆகவே மேலேயே கட்டிவைத்து விரிக்கிறோம். கேட்க அழகாக இருக்கிறது. நாளிதழ்களும் ஆண்டுதோறும் அச்சடிக்கின்றன. ஆனால் கொடி விதிகள் நாளுக்கொரு வினைச்சொல் என்று பிரித்துத் தரவில்லை. பள்ளிகளுக்கான பகுதியில் தலைமை ஆசிரியர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் 'த பெர்சன் அன்ஃபர்லிங் த ஃப்ளாக்' என்றுதான் இருக்கிறது; அது சுதந்திர தினத்துக்கும் சேர்த்துத்தான். செங்கோட்டையில் பிரதமர் செய்வதையும் அரசின் செய்திக் குறிப்புகள் இரண்டு சொல்லாலும் குறிப்பிடுகின்றன.

ஆகவே, விருந்தினரின் கை என்ன செய்யப்போகிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். சந்தேகமாக இருந்தால் 'ஹாய்ஸ்ட்' போடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. தேர்வில் அந்த வாட்ஸாப் விளக்கத்தையே விடையாகக் கேட்டால், வாதாடாமல் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

கொடி 'பறக்கிறது' என்பதற்கு 'ஃப்ளை' போதுமா?

போதும். அதைவிட முக்கியம், ஆங்கிலத்தில் கொடி மட்டும் பறப்பதில்லை, மனிதரும் கொடியை 'ஃப்ளை' செய்யலாம். தமிழில் 'பறக்க விடுகிறோம்' என்போம். ஆங்கிலத்தில் 'வி ஃப்ளை த ஃப்ளாக்'. வடிவங்கள்: ஃப்ளை, ஃப்ளூ, ஃப்ளோன். 'ஃப்ளைட்' என்று இறந்தகாலம் போடாதீர்கள்.

இந்தப் பயன்பாட்டுக்கு நம் சட்ட வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சாதாரணக் குடிமகன் எல்லா நாளும் கொடி பறக்க விடலாமா என்று தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடுத்த வழக்கில், 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடும் கண்ணியத்தோடும் கொடியைப் பறக்க விடுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின் கீழ் வரும் உரிமை என்றது. ஆங்கிலத்தில் அதை 'த ரைட் டு ஃப்ளை த நேஷனல் ஃப்ளாக்' என்பார்கள்.

காற்றுக்கு ஏற்பச் சொல் மாறும். மெல்லிய காற்றில் 'ஃப்ளட்டர்'. பலத்த காற்றில் சடசடவென்று அடித்தால் 'ஃப்ளாப்'. துணி அலை அலையாக நெளிந்தால் 'ரிப்பிள்'. காற்றே இல்லாமல் தொங்கினால் 'ஹேங்ஸ் லிம்ப்'. கையில் பிடித்து ஆட்டுவது 'வேவ்'. சுவரில் தொங்கவிட்டால் அது 'ஹங்'; 'ஹேங்டு' என்பது தூக்குத் தண்டனைக்கான வடிவம், கொடிக்கு ஒருபோதும் ஆகாது.

கம்பம், கயிறு, கப்பி: இவற்றுக்கு என்ன பெயர்?

கம்பம் 'ஃப்ளாக்ஸ்டாஃப்' அல்லது 'ஃப்ளாக்போல்'. கொடி விதிகளில் முதல் சொல்தான் வருகிறது. கப்பலில் இருந்தால் 'மாஸ்ட்'.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 'மாஸ்ட்', 'ஃப்ளாக்ஸ்டாஃப்' இரண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கே ஏறக்குறைய 150 அடி உயரத்துக்கு நிற்கும் கொடிமரத்தின் பழைய தேக்கு மரம், எலிஹு யேல் கவர்னராக இருந்த காலத்தில், உடைந்த ஒரு கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு நட்டது என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டு இரும்புக் கம்பம் வைத்தார்கள். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அந்தக் கோட்டையில் ஏறிய பட்டுக் கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

கொடியை ஏற்றி இறக்கும் கயிறு 'ஹாலியார்டு'. வெறும் 'ரோப்' என்றாலும் புரியும், ஆனால் அறிவிப்பாளர் 'ஹாலியார்டு' என்று சொன்னால் என்.சி.சி. அதிகாரி திரும்பிப் பார்ப்பார். கயிறு ஓடும் கப்பி 'புல்லி'. கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரண்டு கொம்பு இரும்பு 'கிளீட்'. கம்பத்தின் உச்சியிலுள்ள குமிழ் அல்லது கூர்முனை 'ஃபினியல்'. துணியின் ஓரத்தில் கயிறு நுழையத் தைத்திருக்கும் குழல் 'ஸ்லீவ்', சட்டைக் கைக்குச் சொல்லும் அதே சொல். கயிற்றின் முனையில் மாட்டும் சிறு மரக்கட்டை 'டாகிள்'. கம்பம் ஆடாமல் இழுத்துக் கட்டும் கயிறு 'கை-லைன்'. இதை நினைவில் வையுங்கள், அரைக்கம்பக் கேள்வியில் மறுபடி வரும்.

கொடித் துணியின் பகுதிகளை எப்படிச் சொல்வது?

கம்பத்தை ஒட்டிய பக்கம் 'ஹாய்ஸ்ட்'. ஆம், அதே சொல், இங்கே பெயர்ச்சொல்லாக. காற்றில் ஆடும் மறுபக்கம் 'ஃப்ளை'. பறந்து பறந்து முதலில் நைந்துபோவது 'ஃப்ளை' பக்கம்தான். கொடியின் பின்புல நிறம் 'ஃபீல்டு'. கம்பத்தை ஒட்டிய மேல் மூலைக் கட்டம் 'கேன்டன்'.

இந்தியக் கொடிக்குக் கேன்டன் கிடையாது, மூன்று கிடைப்பட்டைகள்தான். இவற்றை 'ஸ்ட்ரைப்' என்று சொல்வதைவிட 'பேண்டு' என்பது பொருத்தம். அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்ற தீர்மானத்தில் 'வைட் பேண்டு' என்று இருக்கிறது. கொடி விதிகளில் 'பேனல்' என்றும் வருகிறது. அமெரிக்கக் கொடியில் இருப்பதுபோல் பல ஒல்லிக் கோடுகளாக இருந்தால்தான் 'ஸ்ட்ரைப்' நன்றாக உட்காரும்.

நிறங்களுக்கு 'ஆரஞ்சு, வைட், கிரீன்' என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆரஞ்சு வேண்டாம். தீர்மானத்தில் 'டீப் சாஃப்ரன்', 'டார்க் கிரீன்'. கொடி விதிகளில் 'இந்தியா சாஃப்ரன்', 'இந்தியா கிரீன்'. சக்கரம் 'நேவி புளூ'. வெறும் 'புளூ' என்றால் அரை மதிப்பெண் போகலாம். சக்கரத்தின் வெளிவட்டம் 'ரிம்', நடுக்குடம் 'ஹப்', ஆரங்கள் 'ஸ்போக்ஸ்'. 'ட்வென்டி ஃபோர் ஈக்வலி ஸ்பேஸ்டு ஸ்போக்ஸ்' என்பது விதியில் உள்ள தொடர், மனப்பாடம் செய்யத் தகுந்தது.

அளவைச் சொல்லும்போது 'ரேஷியோ'. நீளத்துக்கும் உயரத்துக்கும் 3:2. 'த்ரீ இஸ் டு டூ' என்றும் 'த்ரீ டு டூ' என்றும் படிக்கலாம். வகுப்பில் கேட்டால் சொல்ல இரண்டு அளவு: விதிகளில் உள்ள 9 அளவுகளில் மிகப் பெரியது 6300 × 4200 மில்லிமீட்டர், மிகச் சிறியது 150 × 100, அது மேசைக்கு. இடைப்பட்ட 225 × 150 மோட்டார் காருக்கு.

'ட்ரைகலர்' என்றும் 'ட்ரிகலர்' என்றும் இரண்டு விதமாக உச்சரிக்கிறார்களே என்று கேட்பீர்கள். முதலாவது நம் ஊரிலும் அமெரிக்காவிலும், இரண்டாவது பிரிட்டிஷ்காரர் வாயில். எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

'பன்டிங்' என்றால் கொடித் துணியா, தோரணமா?

இரண்டும். இங்கேதான் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். பழைய காலத்தில் கொடி தைக்கப் பயன்பட்ட லேசான கம்பளித் துணிக்கு 'பன்டிங்' என்று பெயர். துணியின் பெயர் அந்தத் துணியில் தைத்த சரம் சரமான தோரணக் கொடிகளுக்கும் போய்விட்டது.

கொடி விதிகளில் இரண்டு பொருளிலும் வருகிறது. கொடி எதனால் செய்யப்பட வேண்டும் என்னும் இடத்தில் 'காதி பன்டிங்', அதாவது கதர்க் கொடித்துணி. கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் கதர் சங்கத்தார் நெய்து தைத்து, தரச்சான்று பெற்று அனுப்புவது அந்த வகைதான். அதே விதிகளில் இன்னோர் இடத்தில், கொடியை 'ஃபெஸ்டூன்', 'ரோஸெட்', 'பன்டிங்' ஆகப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அங்கே தோரணம் என்று பொருள். 'ஃபெஸ்டூன்' வளைத்து வளைத்துக் கட்டும் மாலை. 'ரோஸெட்' பூப்போல மடித்து நெஞ்சில் குத்தும் ரிப்பன்.

2021 டிசம்பர் 30 திருத்தத்துக்குப் பிறகு துணி வரிசையில் பாலியெஸ்டரும், கைநூற்பு கைநெசவோடு 'மெஷின்-மேட்' என்பதும் சேர்ந்தன. 2022 ஜூலைத் திருத்தம் பொதுமக்கள் இரவிலும் கொடி பறக்க விட வழி செய்தது. 'ஃப்ரம் சன்ரைஸ் டு சன்செட்' என்ற பழைய தொடர் போய், வீட்டுக் கொடிக்கு 'டே அண்ட் நைட்' வந்தது. பழைய கைடு வைத்துப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் கவனிக்க வேண்டும்.

நிறங்களின் பொருளை எழுத எந்த வினைச்சொல்?

'ஸ்டாண்ட்ஸ் ஃபார்', 'ரெப்ரெசென்ட்ஸ்', 'டினோட்ஸ்', 'சிம்பலைஸஸ்' எல்லாம் சரி. 'இஸ் மீனிங்' என்று எழுத வேண்டாம்.

இதற்குச் சிறந்த மாதிரி, திருத்தணிக்குப் பக்கத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அரசியல் நிர்ணய சபையில் ஆங்கிலத்தில் தந்த விளக்கம். காவி, துறவையும் பற்றின்மையையும் 'டினோட்' செய்கிறது என்றார். வெண்மை, வழிகாட்டும் வாய்மையின் பாதை. பச்சை, மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் தர்மத்தின் சக்கரம், அது இயக்கத்தையும் குறிக்கிறது. பற்றின்மைக்கு அவர் எடுத்த சொல் 'டிஸ்இன்ட்ரஸ்டட்னெஸ்'. இதை 'ஆர்வமின்மை' என்று மொழிபெயர்த்து மாணவர்கள் கவிழ்கிறார்கள். 'அன்இன்ட்ரஸ்டட்' என்பதுதான் ஆர்வமில்லாதவர். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பவர் தன் ஆதாயம் பார்க்காதவர். நாட்டின் தலைவர்கள் ஆர்வமில்லாமல் இருக்க வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் சொல்லவில்லை.

'அரைக்கம்பத்தில்' என்பதற்கு 'ஹாஃப்-மாஸ்ட்' ஆ, 'ஹாஃப்-ஸ்டாஃப்' ஆ?

இந்தியாவில் 'ஹாஃப்-மாஸ்ட்'. அமெரிக்கர்கள் தரையில் உள்ள கம்பத்துக்கு 'ஹாஃப்-ஸ்டாஃப்' என்றும், கப்பலுக்கு 'ஹாஃப்-மாஸ்ட்' என்றும் பிரிப்பார்கள். முன்னிடைச்சொல் 'அட்': 'த ஃப்ளாக் இஸ் ஃப்ளையிங் அட் ஹாஃப்-மாஸ்ட்'. 'இன்' வேண்டாம்.

செய்முறையைச் சொல்லும் ஆங்கிலம் இங்கே மிகத் துல்லியமானது. கொடியை நேராகப் பாதிக்கு ஏற்றி நிறுத்தக் கூடாது. முதலில் 'டு த பீக்', அதாவது உச்சிவரை, 'ஃபார் அன் இன்ஸ்டன்ட்', ஒரு கணம் ஏற்றி, பிறகு அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும் முன்பும் மீண்டும் உச்சிக்குப் போய்த்தான் கீழே வர வேண்டும். பாதி என்பது எங்கே? உச்சிக்கும் 'கை-லைன்' கட்டிய இடத்துக்கும் நடுவில். அந்தக் கயிறு இல்லாத கம்பமானால் கம்பத்தின் பாதி.

துக்கம் அனுசரிப்பது 'ஸ்டேட் மோர்னிங்'. காலையைக் குறிக்கும் 'மார்னிங்' போலவேதான் ஒலிக்கும்; எழுதும்போது நடுவில் 'யு' விடுபட்டால் காலை வணக்கம் ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். லதா மங்கேஷ்கர் 2022 பிப்ரவரியில் மறைந்தபோது 2 நாள், அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று பிரிட்டன் அரசி எலிசபெத்துக்காக 1 நாள். 'ஆஸ் எ மார்க் ஆஃப் ரெஸ்பெக்ட்' என்னும் தொடர் அத்தகைய அறிவிப்புகளில் கண்டிப்பாக இருக்கும். சுதந்திர தினத்தன்றோ குடியரசு தினத்தன்றோ துக்கச் செய்தி வந்தால் அன்று கொடி தாழாது. உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் தாழும்.

மாலையில் கொடியை இறக்குவது 'கெட் டவுன்' தானே?

இல்லை. பேருந்திலிருந்து இறங்குவதையே நாம் 'கெட் டவுன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கொடிக்கு 'லோயர்'. பேச்சில் 'டேக் டவுன்' போதும். கயிற்றை இழுத்து இறக்குவதை அழுத்திச் சொல்ல 'ஹால் டவுன்'.

'ஸ்ட்ரைக்' என்றும் அகராதியில் பார்ப்பீர்கள். கடற்போரில் 'ஸ்ட்ரைக் த கலர்ஸ்' என்றால் சரணடைவதற்காகக் கொடியை இறக்குவது. பள்ளி விழாவில் யாரும் சரணடையவில்லை என்பதால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

விதிகளில் இரண்டு வினையடைகள் இருக்கின்றன, கட்டுரையில் வைத்தால் பளிச்சென்று நிற்கும். ஏற்றும்போது 'பிரிஸ்க்லி', விறுவிறுவென்று. இறக்கும்போது 'ஸ்லோலி அண்ட் செரிமோனியஸ்லி', மெதுவாகவும் முறைப்படியும்.

மறைந்த தலைவர் உடல்மேல் கொடி போர்த்துவதை எப்படிச் சொல்வது?

'டிரேப்'. 'த காஃபின் வாஸ் டிரேப்டு இன் த ட்ரைகலர்'. 'கவர்டு வித்' தவறில்லை, ஆனால் செய்தியாளர்கள் எடுப்பது 'டிரேப்'. 2015 ஜூலை 30 அன்று இராமேசுவரத்தில் அப்துல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட நாளின் ஆங்கிலச் செய்திகளை எடுத்துப் பாருங்கள், இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். காவி தலைமாட்டில் இருக்க வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. அதற்கு முன் எடுத்து மடித்துவிட வேண்டும். குழி 'கிரேவ்', சிதை 'பையர்', பாடை 'பியர்'. கடைசி இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

நான்தான் அறிவிப்பாளர். அப்படியே வாசிக்க நாலு வரி கிடைக்குமா?

விருந்தினரை அழைக்க: 'மே ஐ ரிக்வெஸ்ட் அவர் சீஃப் கெஸ்ட் டு ஹாய்ஸ்ட் த நேஷனல் ஃப்ளாக்.' கூட்டத்தை எழுப்ப: 'ப்ளீஸ் ரைஸ்.' விரிந்ததும்: 'சல்யூட் த ஃப்ளாக்.' 'சல்யூட் டு த ஃப்ளாக்' என்று கட்டளையில் 'டு' போட வேண்டாம்; பெயர்ச்சொல்லாக 'எ சல்யூட் டு த ஃப்ளாக்' என்று வரும்போதுதான் அது வேண்டும். பாட: 'வி வில் நவ் சிங் த நேஷனல் ஆந்தம்.' தேசிய கீதத்துக்கு 'ஆந்தம்', வந்தே மாதரத்துக்கு 'நேஷனல் சாங்'.

பள்ளியானால் உறுதிமொழியும் உண்டு. கொடி விதிகளில் உள்ளது 'ஐ ப்ளெட்ஜ் அலீஜியன்ஸ் டு த நேஷனல் ஃப்ளாக்' என்று தொடங்கி, 'ஃபார் விச் இட் ஸ்டாண்ட்ஸ்' என்று முடியும். பாடநூலின் முதல் பக்கங்களில் இருக்கும் 'இந்தியா எனது நாடு' வேறு. கொடி உறுதிமொழியின் நடுவில் வரும் 'சாவ்ரின்' என்ற சொல்லில் 'ஜி' எழுத்து ஒலிக்காது. 'சாவரிஜின்' என்று மைக்கில் முழங்குவதைப் பல மைதானங்களில் கேட்கலாம்.

மேடையில் கொடியை வைப்பவருக்கு ஒரு குறிப்பு: 'ஆன் த ஸ்பீக்கர்ஸ் ரைட்' என்றால் கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம். கூட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு அது இடம். பந்தல்காரரிடம் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கிழிந்த கொடி, அவமதிப்பு: இவற்றுக்கான சொற்கள்?

சாயம் போனது 'ஃபேடட்', ஓரம் நைந்தது 'ஃப்ரேடு', கந்தலானது 'டாட்டர்டு', அழுக்கானது 'சாய்ல்டு'. 'டாமேஜ்டு ஆர் டிஷெவல்டு' கொடியைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்கின்றன விதிகள். 'டிஷெவல்டு' பொதுவாகக் கலைந்த தலைமுடிக்குச் சொல்வது. கொடிக்கும் அதையே எடுத்தவர் ரசனைக்காரர்.

1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் வினைச்சொற்கள் வரிசை கட்டி வருகின்றன: 'பர்ன்ஸ், மியூட்டிலேட்ஸ், டிஃபேஸஸ், டிஃபைல்ஸ், டிஸ்ஃபிகர்ஸ், டிஸ்ட்ராய்ஸ், ட்ராம்பிள்ஸ் அபான்'. எரிப்பது, சிதைப்பது, மேலே எழுதியோ கிறுக்கியோ கெடுப்பது, மாசுபடுத்துவது, உருக்குலைப்பது, அழிப்பது, மிதிப்பது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

உடனே ஒருவர் கேட்பார்: பழைய கொடியை எரிக்கச் சொல்வதும் அதே அரசுதானே? ஆம். முரண்பாடு இல்லை, முன்னிடைச்சொல் தொடர்களைப் படியுங்கள். சட்டம் தண்டிப்பது 'வித்தின் பப்ளிக் வியூ', பொதுமக்கள் கண்முன் செய்வதை. விதிகள் சொல்வது 'இன் ப்ரைவேட்', தனியிடத்தில், 'ஆஸ் எ ஹோல்', துண்டு துண்டாக்காமல் முழுதாக, கண்ணியம் கெடாதபடி. அதற்கு வினை 'டிஸ்போஸ் ஆஃப்'. 'த்ரோ அவே' என்று எழுதிவிடாதீர்கள். ஆகஸ்ட் 16 அன்று சாலையோரம் கிடக்கும் காகிதக் கொடிகளுக்கும் இதே விதிதான்.

கொடி காத்த குமரனைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். எந்தச் சொற்கள் உதவும்?

சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். ஜனவரி 11 அன்று இறந்தார். கொடியைக் கைவிடவில்லை என்பதுதான் கதையின் உயிர். 'ஹெல்டு அலாஃப்ட்' என்றால் உயர்த்திப் பிடித்தார். 'கிளட்ச்டு' என்றால் இறுகப் பற்றினார். 'ரெஃப்யூஸ்டு டு லெட் கோ' என்றால் விட மறுத்தார். கொடியை முன்னால் ஏந்திச் செல்பவர் 'ஃப்ளாக்-பேரர்'. படையிலும், உருவகமாகவும் 'ஸ்டாண்டர்டு-பேரர்'. 'சேவ்டு த ஃப்ளாக்' என்று எழுதினால் பெட்டிக்குள் பத்திரமாக வைத்ததுபோல் ஒலிக்கும்.

ஒரு நுணுக்கம்: அன்று அவர் கையில் இருந்ததை 'நேஷனல் ஃப்ளாக் ஆஃப் இந்தியா' என்று எழுத வேண்டாம். இன்றைய கொடி 1947-இல் ஏற்கப்பட்டது. 'காங்கிரஸ் ஃப்ளாக்' என்றோ 'த ஃப்ளாக் ஆஃப் த ஃப்ரீடம் மூவ்மென்ட்' என்றோ எழுதினால் காலம் சரியாக நிற்கும்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக் கொடிகளை வர்ணிக்க?

சிங்கப்பூருக்கு 'கிரெசன்ட்', பிறை: மேலே சிவப்பு, கீழே வெள்ளை, ஹாய்ஸ்ட் பக்கத்து மேல்பகுதியில் பிறையும் 5 நட்சத்திரங்களும். மலேசியாவுக்குக் 'கேன்டன்' வேண்டும்: 14 ஸ்ட்ரைப், நீலக் கேன்டனில் பிறையும் 14 முனை நட்சத்திரமும். முனை 'பாயின்ட்', ஆகவே 'எ ஃபோர்ட்டீன்-பாயின்டட் ஸ்டார்'. இலங்கைக்கு 'பார்டர்', ஓரக்கரை: மஞ்சள் கரைக்குள் வாளேந்திய சிங்கம், நான்கு அரச இலைகள், ஹாய்ஸ்ட் பக்கம் நெடுக்காகப் பச்சை, ஆரஞ்சுப் பட்டைகள். இங்கே ஆரஞ்சு என்று தாராளமாகச் சொல்லலாம். அது தமிழரைக் குறிக்கும் பட்டை, பச்சை முஸ்லிம்களைக் குறிப்பது. நெடுக்குப் பட்டை 'வெர்ட்டிகல்'.

ரயிலை அமைச்சர் 'ஃப்ளாக் ஆஃப்' செய்தார் என்கிறார்களே, அது நல்ல ஆங்கிலமா?

நல்ல இந்திய ஆங்கிலம். கொடியசைத்துத் தொடங்கிவைத்தார் என்று நம் நாளிதழ்கள் எழுதுவதற்கு நேர். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது 'லாஞ்ச்டு' என்றோ 'இனாகுரேட்டட்' என்றோ போடுங்கள். 'ஃப்ளாக் டவுன்' இதற்கு எதிர்ப்பதம் என்று நினைக்கத் தோன்றும்; அது கை காட்டி ஆட்டோவை நிறுத்துவது.

மற்ற மரபுத்தொடர்களில் இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். 'வித் ஃப்ளையிங் கலர்ஸ்', வென்று கொடி பறக்கத் திரும்பும் கப்பலிலிருந்து வந்தது. பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் ஊரெங்கும் கேட்கும். 'நெயில் யுவர் கலர்ஸ் டு த மாஸ்ட்' என்றால் பின்வாங்க முடியாதபடி நிலைப்பாட்டை வெளிப்படையாக எடுப்பது. 1797-இல் கேம்பர்டவுன் கடற்போரில் பீரங்கிக் குண்டு பட்டுப் பாய்மரம் முறிந்து கொடி சாய்ந்தபோது, ஜாக் கிராஃபோர்டு என்ற மாலுமி மேலே ஏறி அதை ஆணியடித்து நிறுத்தினான். கொடி இறங்கினால் கப்பல் சரணடைந்தது என்று எதிரி எடுத்துக்கொள்வான் அல்லவா, அதனால்தான் ஆணி.